48 மணி நேரக் கெடு, 400 பேருக்கு ஒரே மின்னஞ்சல்: ஈக்விஃபேக்ஸ் 2017

2017 மார்ச் 9, வியாழக்கிழமை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் 400-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஒரே மின்னஞ்சல் போனது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் மிக மோசமான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் 48 மணி நேரத்துக்குள் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டுவிட வேண்டும் என்பது செய்தி. ஓட்டை பற்றிய அறிவிப்பு வெளியானது மார்ச் 7. அரசின் எச்சரிக்கை அமைப்பான யுஎஸ்-செர்ட் ஈக்விஃபேக்ஸுக்குத் தகவல் சொன்னது மார்ச் 8. மறுநாளே உள்ளே மின்னஞ்சல். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் அந்த ஓட்டை வழியாகத்தான் சுமார் 14.7 கோடி பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், முகவரி எல்லாம் வெளியே போயின. 2,09,000 கடன் அட்டை எண்களும் போயின.

பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்காணிப்பது பற்றிப் பேசும்போது பலர் கேட்கும் முதல் கேள்வி, ‘அலர்ட் எப்படிச் சீக்கிரம் கிடைக்கும்?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் இந்த நிகழ்வை எடுத்துப் பார்த்தால் அலர்ட் வந்த பிறகுதான் எல்லாமே கோணலாகிப் போனது தெரிகிறது. இதைப் பற்றி அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2018 ஆகஸ்டிலும், பிரதிநிதிகள் சபைக் குழு 2018 டிசம்பரிலும், செனட் துணைக்குழு 2019 மார்ச்சிலும் அறிக்கை வெளியிட்டன. ஒரு நிறுவனத்துக்குள் அலர்ட் எங்கெங்கே போய் எங்கே நின்றது என்பதை இவ்வளவு விவரமாகப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

ஓட்டை என்ன?

ஸ்ட்ரட்ஸ் என்பது ஜாவா மொழியில் இணையப் பயன்பாடுகளைக் கட்டுவதற்கான திறந்தமூலச் சட்டகம். கோப்பு பதிவேற்றும் கோரிக்கை வரும்போது அதைப் பிரித்துப் படிக்க அதற்குள் ஒரு பகுதி இருக்கிறது. கோரிக்கையின் தலைப்பில் ‘உள்ளே இருப்பது என்ன வகை’ என்று சொல்லும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் ஒழுங்கற்ற மதிப்பு வந்தால் பிழைச் செய்தி ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அப்படித் தயாரிக்கும்போது, வந்த மதிப்பையே ஒரு கட்டளைக் கோவையாக எடுத்துக்கொண்டு இயக்கிவிட்டது ஸ்ட்ரட்ஸ். தாக்குபவர் அந்த ஒரு வரியில் தனக்கு வேண்டிய கட்டளையை எழுதி அனுப்பினால் போதும், சர்வர் அதைச் செய்துவிடும். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவையே இல்லை.

இதற்குக் கொடுக்கப்பட்ட அடையாள எண் சிவிஇ-2017-5638. தீவிர மதிப்பெண் 10-க்கு 10. 2.3.5 முதல் 2.3.31 வரையும், 2.5 முதல் 2.5.10 வரையும் உள்ள பதிப்புகள் பாதிக்கப்பட்டவை. 2.3.32, 2.5.10.1 ஆகிய பதிப்புகளில் சரிசெய்தார்கள். அறிவிப்பு வந்த மறுநாளே தாக்குதல்கள் நடப்பதைப் பார்க்கிறோம் என்று சிஸ்கோ நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான டாலோஸ் எழுதிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரட்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி ஒரு கணினிக்கு ஒரு முறை பேட்ச் போட்டு முடிக்கிற சமாசாரம் இல்லை. அது ஒவ்வொரு பயன்பாட்டின் வயிற்றுக்குள்ளும் தனித்தனியாக இருக்கும் ஒரு லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு. அந்தப் பயன்பாட்டை எழுதிய டெவலப்பர் புதிய பதிப்பைச் சேர்த்து, மறுபடி கட்டி, சோதித்து, சர்வரில் ஏற்ற வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி நினைத்தாலும் தனியாகச் செய்ய முடியாது. அதாவது இந்த அலர்ட் போய்ச் சேர வேண்டிய இடம், ஒவ்வொரு பயன்பாட்டையும் பராமரிக்கும் அந்த ஒருவர் அல்லது இருவர்.

400 பேரில் அவர் இல்லை

ஈக்விஃபேக்ஸில் ஸ்ட்ரட்ஸ் ஓடிக்கொண்டிருந்த இடம் ஏசிஐஎஸ் என்ற அமைப்பு. கடன் அறிக்கையில் தவறு இருந்தால் பொதுமக்கள் முறையிடுவதற்கான இணைய வாசல் அது. அதன் அடித்தளம் 1970-களில் கட்டப்பட்டது. பழைய அமைப்பின் மேல் புது வாசல்.

அந்த வாசலில் ஸ்ட்ரட்ஸ் இருக்கிறது என்று தெரிந்த டெவலப்பர், மின்னஞ்சல் போன 400-க்கும் மேற்பட்டோர் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளர் இருந்தார். மேலாளர் அதைத் தன் குழுவுக்கு அனுப்பவில்லை. பெறுநர் பட்டியலே காலாவதியாகிக் கிடந்தது, பேட்ச் போட வேண்டியவர்களுக்கு அறிவிப்பு போகவே இல்லை என்று ஜிஏஓ அறிக்கை சொல்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது அந்த 400 என்ற எண்தான். ஊருக்கெல்லாம் சொன்னால் யாருக்கும் சொல்லாத மாதிரிதான் ஆகும். 400 பேருக்குப் போகும் செய்தியில் ‘நீங்கள் ஸ்ட்ரட்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால்’ என்று ஒரு நிபந்தனை இருந்தால், படிக்கும் ஒவ்வொருவரும் அது அடுத்தவருக்கானது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த நிபந்தனைக்குப் பதிலே தெரிந்திருக்காது. தான் நடத்தும் பயன்பாட்டுக்குள் எந்த லைப்ரரி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று ஒரு துறைத் தலைவரால் எப்படிச் சொல்ல முடியும்?

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது நிறுவனத்தின் மென்பொருள் இருப்புப் பட்டியல். ஈக்விஃபேக்ஸிடம் முழுமையான பட்டியல் இல்லை. இது திடீரென்று தெரியவந்ததும் இல்லை. 2015-இலேயே உள்தணிக்கை ஒன்று நடந்திருக்கிறது. சரிசெய்யாமல் விடப்பட்ட 8,500-க்கும் மேற்பட்ட ஓட்டைகள், முழுமையான இருப்புப் பட்டியல் இல்லாமை, பேட்ச் போட்டார்களா என்று யாரும் சரிபார்க்காமல் நம்பிக்கையின் பேரில் விட்டுவிடும் பழக்கம் என்று அத்தனையையும் அந்தத் தணிக்கை எழுதி வைத்தது. 2017-இல் நடந்த ஒவ்வொன்றுக்கும் 2015-இலேயே ஒரு வரி இருக்கிறது.

ஸ்கேன் ‘ஒன்றுமில்லை’ என்றது

மின்னஞ்சலோடு அவர்கள் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 14 அன்று, இந்த ஓட்டையைத் தேடி வரும் கோரிக்கைகளை அடையாளம் காண்பதற்கான விதியை வலையமைப்புக் கண்காணிப்பில் சேர்த்தார்கள். மார்ச் 15 அன்று, வெளியுலகைப் பார்த்திருக்கும் 958 ஐபி முகவரிகளை ஸ்கேன் செய்தார்கள். எங்கும் ஸ்ட்ரட்ஸ் ஓட்டை இல்லை என்று முடிவு வந்தது.

ஏன் வரவில்லை? இணையதளத்தின் மேல் அடைவை (கோப்புறையை) மட்டும் ஸ்கேன் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் இருந்ததோ உள் அடைவில். வாசல் கதவைத் தட்டிவிட்டு வீட்டில் யாருமில்லை என்று எழுதிக்கொண்டு வந்த கதை.

ஸ்கேனில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. உண்மையிலேயே அங்கே ஓட்டை இல்லாமல் இருக்கலாம். அல்லது ஸ்கேனுக்குப் பார்க்கத் தெரியாமல் இருக்கலாம். இருப்புப் பட்டியல் ஒன்று கையில் இருந்திருந்தால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். ‘பட்டியலில் ஏசிஐஎஸ்-க்கு எதிரே ஸ்ட்ரட்ஸ் என்று இருக்கிறதே, ஸ்கேனில் ஏன் வரவில்லை?’ என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். பட்டியல் இல்லாததால் ஸ்கேன் சொன்னதே கடைசி வார்த்தையாகிவிட்டது.

இதற்கிடையே மார்ச் 10 அன்றே ஏசிஐஎஸ் சர்வரில் யாரோ கை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ‘நான் எந்தப் பயனராக இயங்குகிறேன்’ என்று கேட்கும் மிகச் சிறிய கட்டளை ஒன்று அங்கே இயக்கப்பட்டிருக்கிறது. 48 மணி நேரக் கெடு முடிவதற்குள்ளேயே நடந்தது அது.

மார்ச் 16 அன்று பாதுகாப்புக் குழு நடத்திய மாதாந்திரக் கூட்டத்திலும் இந்த ஓட்டை பேசப்பட்டது. அந்த மாதாந்திரக் கூட்டங்களுக்கு மூத்த மேலாளர்கள் ஒழுங்காக வருவதில்லை, பேசியதைத் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடும் பெரிதாக இல்லை என்கிறது செனட் துணைக்குழு. நிறுவன அமைப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. பாதுகாப்புத் தலைவர் சட்டத்துறைத் தலைவருக்குக் கீழே இருந்தார், தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குக் கீழே இல்லை. ஓட்டையைச் சொல்கிறவர்கள் ஒரு கிளையில், அடைக்க வேண்டியவர்கள் இன்னொரு கிளையில்.

76 நாள்

மே 13 அன்று தாக்குதல் ஆரம்பித்தது. தாக்கியவர்கள் சர்வரில் பின்வாசல் கோப்புகளை வைத்தார்கள், மொத்தம் சுமார் 30. குறியாக்கம் செய்யாத ஒரு கோப்பில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அப்படியே கிடைத்தன. அவற்றை வைத்து ஏசிஐஎஸ்-க்குச் சம்பந்தமே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குள் போனார்கள். சுமார் 9,000 வினவல்கள் அனுப்பி, 265 முறை தனிநபர் தகவல்களைக் கண்டெடுத்தார்கள்.

76 நாள் இது யார் கண்ணிலும் படவில்லை. அதற்குக் காரணம் ஒரு டிஜிட்டல் சான்றிதழ்.

சர்வருக்கு வரும் போக்குவரத்து குறியாக்கம் செய்யப்பட்டது. அதைப் பிரித்துப் பார்க்கும் கண்காணிப்புக் கருவி ஒன்று இருந்தது. பிரிப்பதற்கு அந்தக் கருவிக்கு ஒரு செல்லுபடியான சான்றிதழ் வேண்டும். அது காலாவதியாகிவிட்டது. பிரதிநிதிகள் சபைக் குழுவின் கணக்குப்படி 19 மாதம், ஜிஏஓ கணக்குப்படி சுமார் 10 மாதம் அது காலாவதியாகவே கிடந்தது. சான்றிதழ் போனதும் கருவி நின்றுவிடவில்லை, கத்தவும் இல்லை. எதையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் அப்படியே உள்ளே விட்டது. மார்ச் 14 அன்று கண்காணிப்பு விதி எழுதியவர்களின் உழைப்பும் இங்கேதான் வீணானது. படிக்கவே முடியாத போக்குவரத்தில் எந்த விதி எதைக் கண்டுபிடிக்கும்?

ஜூலை 29, சனிக்கிழமை, சான்றிதழைப் புதுப்பித்தார்கள். கருவி கண் திறந்ததும் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து தெரிய ஆரம்பித்தது. ஜூலை 30 அன்று ஏசிஐஎஸ்-ஐ இணையத்திலிருந்து எடுத்தார்கள். காலாவதியாகிக் கிடந்தது அந்த ஒரு சான்றிதழ் மட்டும் இல்லை, குறைந்தது 324 சான்றிதழ்கள் அப்படிக் கிடந்தன என்று பிறகு தெரியவந்தது.

ஓட்டைகளைக் கண்காணிக்கும் கருவியும் ஒரு மென்பொருள்தான். அதற்கும் கெட்டுப்போகும் தேதி உண்டு. அது வாய் மூடிப்போனால் சொல்வதற்கு இன்னொன்று இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் இந்தப் பகுதியை யாரும் யோசிப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

யார் தவறு?

2017 செப்டம்பர் 7 அன்று விஷயத்தை வெளியே சொன்னார்கள். செப்டம்பர் 26 அன்று தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஸ்மித் பதவியிலிருந்து விலகினார். அக்டோபர் தொடக்கத்தில் நாடாளுமன்றக் குழு முன் பேசியபோது, பேட்ச் போட வேண்டும் என்ற தகவலைச் சேர்ப்பிக்காத ஒரு தனிநபரின் தவறையும், ஸ்கேன் கோட்டைவிட்டதையும் அவர் காரணமாகச் சொன்னார். அதற்கு முந்தைய நாள் மூத்த அதிகாரி ஒருவரை வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். அந்த மின்னஞ்சலை மேற்கொண்டு அனுப்பாததற்காக. 400-க்கும் மேற்பட்ட பெறுநர்களில் அவரும் ஒருவர்.

இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மனிதர் ஒரு மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்வாரா மாட்டாரா என்பதில் 14 கோடிப் பேரின் தகவல் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், அப்படித் தொங்க விட்டது யார்? அவர் அனுப்பியிருந்தால் அன்றைக்குத் தப்பியிருக்கலாம். அடுத்த மாதம் இன்னொரு ஓட்டை, இன்னொரு மின்னஞ்சல், விடுமுறையில் இருக்கும் இன்னொருவர். 2019 ஜூலையில் அமெரிக்க அரசு அமைப்புகளோடும் மாநிலங்களோடும் ஈக்விஃபேக்ஸ் செய்துகொண்ட உடன்பாட்டின் தொகை குறைந்தது 57.5 கோடி டாலர். 2020 பிப்ரவரியில் சீன ராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றச்சாட்டு பதிந்தது. தாக்கியவர்கள் ஒரு நாட்டின் ராணுவத்தினராகவே இருக்கலாம். ஆனால் உள்ளே வர அவர்கள் பயன்படுத்திய வழி, பேட்ச் வெளிவந்து இரண்டு மாதம் ஆன வழி.

இன்று இதே அலர்ட் வந்தால்

சிவிஇ எண் கொடுக்கும் முறையை மைட்டர் நிறுவனம் 1999-இல் தொடங்கியது. 2024-இல் மட்டும் சுமார் 40,000 எண்கள் வெளிவந்தன. ஒரு நாளைக்கு நூறுக்கும் மேல். எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து படிப்பது என்பது நடக்காது. அதனால் அலர்ட் என்பதை மின்னஞ்சல் சந்தாவாக நினைப்பதைவிட ஒரு பொருத்தமாக நினைப்பது நல்லது. ஒரு பக்கம் வெளியே வந்த ஓட்டைகள், மறு பக்கம் நம்மிடம் இருக்கும் மென்பொருள்கள். இரண்டும் எங்கே ஒட்டுகிறதோ அங்கே மட்டும் மணி அடிக்க வேண்டும்.

நம்மிடம் இருப்பதைச் சொல்லும் பட்டியலுக்கு இப்போது எஸ்பாம் என்று பெயர். எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் என்று அதற்கு இரண்டு பரவலான வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு முறை பயன்பாட்டைக் கட்டும்போதும் அது தானாக உருவாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை எக்செல் தாளில் நிரப்பினால் ஈக்விஃபேக்ஸின் பெறுநர் பட்டியல் மாதிரிதான் ஆகும். நேரடியாகச் சேர்த்த லைப்ரரிகள் மட்டும் போதாது, அவை இழுத்துக்கொண்டு வரும் லைப்ரரிகளும் பட்டியலில் வர வேண்டும். 2021 டிசம்பரில், பயன்பாட்டில் நடப்பவற்றைப் பதிவு செய்து வைக்கும் ஜாவா லைப்ரரியான லாக்4ஜேயின் ஓட்டை வெளிவந்தபோது பலரும் மாட்டியது இந்த இடத்தில்தான். தாங்கள் லாக்4ஜே பயன்படுத்துகிறோம் என்றே தெரியாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

லாக்4ஜே இன்னொன்றையும் காட்டியது. 2.15.0 பதிப்பில் சரிசெய்தார்கள். அது போதவில்லை என்று 2.16.0 வந்தது. அப்புறம் 2.17.0, அப்புறம் 2.17.1. எல்லாம் ஒரே மாதத்துக்குள். முதல் பேட்ச் போட்டதும் டிக்கெட்டை (அந்த வேலைக்கான பதிவை) மூடிவிட்டு நகர்ந்தவர்கள் மறுபடி திறக்க வேண்டியிருந்தது. ஒரு ஓட்டைக்கான அலர்ட்டை மூடும்போது அதன் தொடர்ச்சிகளையும் பார்க்கும்படி வைத்திருப்பது அவசியம்.

ஓட்டைகள் பக்கத்துக்கு ஒரே ஆதாரத்தை நம்புவதும் ஆபத்து. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நடத்தும் தேசிய ஓட்டைத் தரவுத்தளமான என்விடி, சிவிஇ எண்களுக்குத் தீவிர மதிப்பெண்ணும் பாதிக்கப்பட்ட பதிப்பு விவரமும் சேர்த்துத் தரும். 2024 பிப்ரவரியில் அந்த வேலை திடீரென்று மெதுவாகி, ஆயிரக்கணக்கான எண்கள் விவரம் சேர்க்கப்படாமல் தேங்கின. என்விடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கருவிகளுக்கு அந்த ஓட்டைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. திறந்தமூல ஓட்டைகளுக்கான ஓஎஸ்வி தரவுத்தளம், நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப்பின் எச்சரிக்கைத் தரவுத்தளம் போன்றவை லைப்ரரி பெயரையும் பதிப்பையும் நேரடியாக வைத்துப் பொருத்துவதால் திறந்தமூல லைப்ரரிகளுக்கு நன்றாகவே உதவும். விலைக்கு வாங்கிய பொருள்களுக்கு அந்தந்தத் தயாரிப்பாளரின் பாதுகாப்பு அறிவிப்புதான் முதல் ஆதாரம்.

எதை முதலில் அடைப்பது என்பதற்கு 10-க்கு எத்தனை என்பதை மட்டும் பார்க்காதீர்கள். உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலை அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து வெளியிடுகிறது. உங்கள் எஸ்பாமில் இருக்கும் ஒன்று அந்தப் பட்டியலிலும் ஏறினால், நள்ளிரவானாலும் யாரையாவது எழுப்பலாம். மற்றவை காலையில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் எழுப்பினால் மூன்றாவது வாரம் யாரும் எழ மாட்டார்கள்.

அடுத்தது சேர்ப்பிப்பது. எஸ்பாமில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் எதிரே ஒரு குழுவின் பெயர் இருக்க வேண்டும். அலர்ட் அந்தக் குழுவின் வேலைப் பட்டியலில் டிக்கெட்டாக விழ வேண்டும், ‘இந்தப் பயன்பாட்டில், இந்த லைப்ரரி, இந்தப் பதிப்பு, இதற்கு மாற்ற வேண்டும்’ என்று. ‘பயன்படுத்துகிறீர்கள் என்றால்’ என்ற சொல்லே அதில் வரக் கூடாது. குறித்த நேரத்துக்குள் யாரும் கையில் எடுக்கவில்லை என்றால் அது தானாக அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். ‘போட்டாயிற்று’ என்று ஒருவர் எழுதியதை வைத்து டிக்கெட் மூடக் கூடாது. புதிதாகக் கட்டிய எஸ்பாமிலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலும் பழைய பதிப்பு இல்லை என்று பார்த்த பிறகே மூட வேண்டும்.

இவ்வளவையும் அமைத்த பிறகு ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். வெளியுலகத் தொடர்பு இல்லாத, தனியாக ஒதுக்கிய சோதனைச் சர்வர் ஒன்றில் ஸ்ட்ரட்ஸ் 2.3.31 வைத்த சின்னப் பயன்பாடு ஒன்றை ஏற்றுங்கள். மேல் அடைவில் வேண்டாம், இரண்டு அடைவு உள்ளே வையுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, டிக்கெட் எப்போது விழுகிறது, யார் பெயரில் விழுகிறது என்று காத்திருங்கள்.